திராஷர்ஸுக்குக் கிடைத்த இரண்டு நாட்கள்

2007 ஏப்ரல் 12, வியாழக்கிழமை. ஏப்ரல் 14, சனிக்கிழமை. அட்லாண்டா திராஷர்ஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணி தன் சொந்த ஊரில் பிளேஆஃப் (சாம்பியனை முடிவுசெய்யும் கடைசிக் கட்டம்) ஆட்டம் ஆடியது இந்த இரண்டு நாட்களில் மட்டும்தான். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. முதல் ஆட்டத்தில் 4-3, இரண்டாவதில் 2-1 என்று இரண்டிலும் ஒரே ஒரு கோலில் தோற்றது. அடுத்து நியூயார்க் போய் 7-0, 4-2. ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

1999இல் ஆடத் தொடங்கி 2011இல் ஊரைவிட்டே போன இந்த அணியின் மொத்தக் கணக்கு இது: சாதாரண சீசன் ஆட்டங்கள் 902, வெற்றி 342. பிளேஆஃப் ஆட்டங்கள் 4, வெற்றி 0. இதை மட்டும் பார்ப்பவர் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்: "வெயில் ஊரில் ஐஸ் ஹாக்கி எடுபடாது." அமெரிக்காவிலும் கனடாவிலும் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். அந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. இந்த அணிக்கு நம்பிக்கை தரும் காலம் ஒரு தடவை அல்ல, நாலு தடவை வந்தது. நாலும் வெவ்வேறு விதமாகக் கைநழுவின. அவற்றைத் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால்தான் இந்த அணிக்கு உண்மையில் என்ன ஆனது என்று தெரியும்.

நம் ஊரில் ஹாக்கி என்றால் புல்தரையோ செயற்கைத் தரையோதான் நினைவுக்கு வரும். இது பனித்தளத்தில் சறுக்கியபடி ஆடுவது. கோல்கீப்பரையும் சேர்த்து ஒரு பக்கத்துக்கு ஆறு பேர், பந்துக்குப் பதில் 'பக்' என்ற ரப்பர் வட்டு, 20 நிமிடமாக மூன்று பகுதிகள். என்.எச்.எல். என்பது இந்த ஆட்டத்தின் மிகப் பெரிய தொழில்முறை லீக். அப்போது ஒரு சீசனுக்கு 82 ஆட்டம், வெற்றிக்கு 2 புள்ளி. திராஷர்ஸ் காலத்தில், முதல் சீசனைத் தவிர, 30 அணிகள் இருந்தன. அவற்றில் 16 மட்டும் பிளேஆஃபுக்குப் போகும். அங்கே ஒவ்வொரு சுற்றிலும் முதலில் நான்கு ஆட்டம் வெல்பவர் மேலே போவார். பாதிக்கு மேற்பட்ட அணிகள் நுழையும் கதவு அது. திராஷர்ஸ் 11 சீசனில் ஒரே ஒரு முறைதான் அதற்குள் போனது.

முன்கதை

அட்லாண்டாவுக்கு இது முதல் அணி அல்ல. 1972இல் ஃபிளேம்ஸ் என்ற அணி வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் அந்த நகரம் எரிந்ததை நினைவுபடுத்தும் பெயர். எட்டு சீசனில் ஆறு முறை பிளேஆஃப் போனாலும் ஒரு சுற்றுகூட வெல்லவில்லை. 1980இல் அதை விற்று, கனடாவின் கால்கரிக்குக் கொண்டுபோனார்கள். ஒன்பது ஆண்டு கழித்து, அங்கே அது லீக்கின் சாம்பியன் கோப்பையான ஸ்டான்லி கோப்பையை வென்றது. அட்லாண்டாக்காரர்கள் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள்.

1997இல் லீக் மறுபடியும் அட்லாண்டாவுக்கு ஓர் அணியைக் கொடுத்தது. உரிமையாளர் டைம் வார்னர் நிறுவனம். முன்னால் நின்றவர் சிஎன்என் தொலைக்காட்சியைத் தொடங்கிய டெட் டர்னர். ஜார்ஜியா மாநிலப் பறவையின் பெயரை அணிக்கு வைத்தார்கள். பழைய அணி ஆடிய ஆம்னி அரங்கத்தை இடித்துவிட்டு அதே இடத்தில் பிலிப்ஸ் அரங்கம் எழுந்தது. முதல் ஆட்டம் 1999 அக்டோபர் 2, நியூ ஜெர்சி டெவில்ஸுடன். 4-1 என்று தோல்வி. அணியின் முதல் கோலை அடித்தவர் கெல்லி புக்பெர்கர்.

முதல் சீசனில் 14 வெற்றி, 39 புள்ளி. புதிய அணிக்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் அந்த 14 வெற்றி சீசனில் சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு 17,000 பேருக்கு மேல் வந்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். "இந்த ஊர் மக்களுக்கு ஆர்வமே இல்லை" என்று பிறகு சொன்னவர்கள் மறந்துவிட்ட எண் இது.

ஆரம்பத்திலேயே ஒரு சறுக்கலும் நடந்தது. புதிய இளம் வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1999இல் முதல் வாய்ப்பு அட்லாண்டாவுக்குக் கிடைத்தது. கிடைத்தது என்பதைவிட, வான்கூவர் அணியின் மேலாளர் பிரையன் பர்க் கொடுத்தார் என்பது சரி. அவருக்கு சுவீடனின் இரட்டையர் செடின் சகோதரர்கள் இருவரும் வேண்டும். அதற்காக முதல் இடத்தை அட்லாண்டாவிடம் தள்ளிவிட்டு இரண்டாவது, மூன்றாவது இடங்களைத் தன் கையில் வைத்துக்கொண்டார். அட்லாண்டா செக் நாட்டின் பாட்ரிக் ஸ்டெஃபானை எடுத்தது. ஸ்டெஃபான் தன் என்.எச்.எல். வாழ்க்கை முழுவதிலும் அடித்தது 64 கோல். செடின்கள் ஆளுக்கு ஆயிரம் புள்ளியைத் தாண்டினார்கள் (வீரர் கணக்கில் புள்ளி என்பது அடித்த கோலும் கோலுக்கு உதவியதும் சேர்ந்தது), 2022இல் ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேமுக்கே போனார்கள். ஸ்டெஃபானைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 18 வயதுப் பையன் ஒருவனை ஒரு புதிய அணியின் முகமாக நிறுத்தியது அவன் தவறல்ல.

2003: முதல் வெளிச்சம்

அடுத்த இரண்டு டிராஃப்டுகளில் அட்லாண்டாவுக்கு உண்மையான தங்கம் கிடைத்தது. 2000இல் இரண்டாவது இடத்தில் டேனி ஹீட்லி. 2001இல் முதல் இடத்தில் இலியா கோவல்சுக். டிராஃப்டில் முதலாவதாக எடுக்கப்பட்ட முதல் ரஷ்யர் அவர். 2001-02இல் இருவரும் ஒன்றாகக் களம் இறங்கினார்கள். சிறந்த புதுமுக வீரருக்கான கால்டர் விருதை ஹீட்லி வென்றார், இரண்டாவது இடம் கோவல்சுக்குக்கு. அணி கடைசி இடத்தில் இருந்தது. ஆனாலும் ஒரே அணியின் இரண்டு பையன்கள் அந்த விருதுக்குத் தங்களுக்குள்ளேயே போட்டி போட்டார்கள்.

2002-03 மோசமாகத் தொடங்கியது. டிசம்பர் கடைசியில் பயிற்சியாளர் கர்ட் ஃப்ரேசரை நீக்கினார்கள். ஜனவரியில் பாப் ஹார்ட்லி வந்தார். இரண்டு ஆண்டு முன்புதான் கொலராடோவுடன் கோப்பையை வென்றவர், கண்டிப்பானவர். அவர் கையில் வந்த 39 ஆட்டங்களில் 19 வெற்றி, 5 டிரா. அதற்கு முந்தைய 43 ஆட்டங்களில் வெற்றி 12 மட்டுமே. வீரர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள்தான். இந்த அணியின் முதல் உண்மையான வெளிச்சம் அந்த மூன்று மாதம்தான்.

அந்த பிப்ரவரியில் ஃப்ளோரிடாவில் நடந்த, லீக்கின் நட்சத்திரங்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் ஹீட்லி நான்கு கோல் அடித்து ஆட்ட நாயகன் ஆனார். வயது 22. சீசன் முடிவில் அவருக்கு 41 கோல், 89 புள்ளி. இருபது வயதைத் தொடாத கோவல்சுக்குக்கு 38 கோல். லீக்கில் எந்த அணிக்கும் இப்படி ஒரு இளம் ஜோடி இருக்கவில்லை. 'அடுத்த சீசனில் பிளேஆஃப்' என்று அட்லாண்டாவில் சொன்னவர்கள் வெறும் ஆசையில் சொல்லவில்லை, கையில் கணக்கு இருந்தது.

அடுத்த சீசன் தொடங்கச் சில நாட்களே இருந்தன. 2003 செப்டம்பர் 29 இரவு, ஹீட்லி ஓட்டிய ஃபெராரி கார் அட்லாண்டாவின் லெனாக்ஸ் சாலையில் கட்டுப்பாட்டை இழந்து மோதியது. அனுமதித்த வேகத்தைவிட மிக அதிகமான வேகம். பக்கத்தில் இருந்தவர் சக வீரரும் நண்பருமான டான் ஸ்னைடர். ஆறு நாள் நினைவு திரும்பாமலே, அக்டோபர் 5 அன்று அவர் இறந்துபோனார். வயது 25.

ஸ்னைடரைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலும் அவரை ஹீட்லியின் கதையில் ஒரு வரியாகத்தான் எழுதுகிறார்கள். ஒன்டாரியோவின் எல்மைரா என்ற சிற்றூர்ப் பையன். டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. திராஷர்ஸ்தான் ஒப்பந்தம் கொடுத்தது. கீழ்நிலை அணியான சிகாகோ வுல்வ்ஸில் உழைத்து, 2002இல் அங்கே கோப்பை வென்று, மெல்ல மேலே ஏறி வந்தவர். 2002-03இல் 36 ஆட்டம், 10 கோல். பெரிய நட்சத்திரம் ஆகியிருக்க மாட்டார். ஆனால் ஒரு நல்ல அணியில் மூன்றாவது, நான்காவது வரிசையில் இப்படிப்பட்ட ஒருவர் கட்டாயம் இருப்பார். அட்லாண்டா தானே கண்டுபிடித்து, தானே வளர்த்த ஆள்.

ஸ்னைடரின் பெற்றோர் ஹீட்லியை வெளிப்படையாக மன்னித்தார்கள். அவரைச் சிறைக்கு அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். மகனை இழந்த வீட்டிலிருந்து அந்தச் சொல் வந்தது என்பதை நினைக்கும்போது இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. 2005இல் ஹீட்லி குற்றத்தை ஒப்புக்கொண்டார், மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது.

அந்த சீசனை வீரர்கள் 37 என்ற ஸ்னைடரின் எண்ணைச் சட்டையில் தாங்கி ஆடினார்கள். கோவல்சுக் 41 கோல் அடித்து, அதிக கோலுக்கான விருதை ஜரோம் இகின்லா, ரிக் நாஷ் இருவரோடும் பகிர்ந்துகொண்டார். முழங்கால் காயத்திலிருந்து மீண்ட ஹீட்லி 31 ஆட்டம் ஆடினார். அணிக்கு 78 புள்ளி. அடுத்த சீசனே நடக்கவில்லை. சம்பளத் தகராறில் லீக் முழுவதும் மூடப்பட்டது. 2005 ஆகஸ்டில், இந்த ஊரில் இருக்க முடியவில்லை என்று ஹீட்லி வேறு அணி கேட்டார். அவரை ஓட்டாவாவுக்குக் கொடுத்து, மரியான் ஹோசாவையும் கிரெக் டி வ்ரீஸையும் வாங்கினார்கள். ஹாக்கிக் கணக்கில் அது நியாயமான மாற்று. ஹோசா எந்த அளவுகோலிலும் ஹீட்லிக்குக் குறைந்தவர் அல்ல. ஆனால் ஹீட்லி, கோவல்சுக் ஜோடி வளர்வதைப் பார்க்கக் காத்திருந்த ஊருக்கு அந்தக் காட்சி கிடைக்கவே இல்லை.

2005-06: இரண்டே புள்ளி

என்னைக் கேட்டால் திராஷர்ஸின் மிகச் சிறந்த அணி பிளேஆஃப் போன அணி அல்ல, அதற்கு முந்தைய ஆண்டு அணிதான். கோவல்சுக் 52 கோல், 98 புள்ளி. மார்க் சவார்ட் 97 புள்ளி. ஹோசா 92 புள்ளி. ஒரே அணியில் மூன்று பேர் 90க்கு மேல். சவார்ட் பக்கை எங்கே அனுப்புவார் என்று எதிரணிக்குத் தெரிவதற்குள் அது கோவல்சுக்கின் மட்டையை அடைந்திருக்கும்.

குறை கோல்கீப்பரில் வந்தது. ஃபின்லாந்தின் காரி லெஹ்டொனென் 2002 டிராஃப்டின் இரண்டாவது தேர்வு, எதிர்காலமே அவர்தான் என்று இருந்த அணி இது. சீசனின் முதல் ஆட்டத்திலேயே அவருக்கு இடுப்புக்குக் கீழே தசை பிடித்து, மாதக்கணக்கில் வெளியே உட்கார்ந்தார். அடுத்து நின்ற மைக் டன்ஹமும் காயம்பட்டார். அப்புறம் ஸ்டீவ் ஷீல்ட்ஸ், மைக்கேல் கார்னெட், ஆடம் பெர்க்கோல் என்று ஒரே சீசனில் ஐந்து பேர் அந்த வலைக்கு முன்னால் நின்றார்கள். ஐந்து கோல் அடித்தும் தோற்கலாம் என்ற நிலையில் எந்த அணியும் நிம்மதியாக ஆட முடியாது. லெஹ்டொனென் திரும்பி வந்து 38 ஆட்டத்தில் 20 வெற்றி பெற்றுக் கொடுத்தார். முடிவில் 41 வெற்றி, 90 புள்ளி. பிளேஆஃபின் கடைசி இடம் 92 புள்ளியோடு தம்பாவுக்குப் போனது.

இரண்டு புள்ளி என்றால் ஒரே ஒரு ஆட்டம். அக்டோபரிலோ நவம்பரிலோ, ஒரு சரியான கோல்கீப்பர் நின்றிருந்தால் வந்திருக்கக்கூடிய ஓர் ஆட்டம்.

காயம் யார் கையிலும் இல்லை. அந்தக் கோடையில் நடந்தது கையில் இருந்தது. சவார்டின் ஒப்பந்தம் முடிந்திருந்தது. அவர் பாஸ்டனுக்குப் போய்விட்டார். கோவல்சுக்குக்கும் ஹோசாவுக்கும் பக் எடுத்துக் கொடுக்கத் தெரிந்த நடு ஆட்டக்காரரை விட்டுவிட்டு, அந்த இடத்துக்குச் சமமான ஒருவரை அணி அதன் பிறகு கண்டுபிடிக்கவே இல்லை. இந்த அணியின் வரலாற்றில் மிகப் பெரிய பிழை எது என்றால், பலர் பின்னால் வரப்போகும் வேறொரு டிரேடை (அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வது) சொல்வார்கள். நான் சவார்டைச் சொல்வேன், ஏனென்றால் அந்த டிரேடே அவர் விட்டுப்போன ஓட்டையை அடைக்கத்தான் நடந்தது.

2006-07: கொடி ஏறிய ஆண்டு

சரி, அந்த ஒரே நல்ல சீசனுக்கு வருவோம். 43 வெற்றி, 97 புள்ளி, லீக்கின் ஒரு பிரிவான தென்கிழக்கு டிவிஷனில் முதலிடம், தலைப்பில் சொன்ன கொடி அதற்குத்தான். ஹோசா 43 கோலோடு சரியாக 100 புள்ளி. அட்லாண்டா சட்டையில் நூறைத் தொட்டவர் அவர் ஒருவர்தான். கோவல்சுக் 42 கோல், கோஸ்லோவ் 80 புள்ளி. லெஹ்டொனென் ஒருவழியாக உடம்பு ஒத்துழைத்து 34 வெற்றி. அரங்கத்துக்குச் சராசரியாக 16,000 பேருக்கு மேல் வந்தார்கள்.

பிப்ரவரி கடைசியில், டிரேடுகளுக்கான கெடு முடியும் முன், மேலாளர் டான் வாடெல் துணிந்து இறங்கினார். செயின்ட் லூயிஸிடமிருந்து கீத் கச்சக். விலை: முதல் சுற்று டிராஃப்ட் உரிமை, இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று, அதற்கு மேல் ஒரு வீரர். பிலடெல்பியாவிடமிருந்து அனுபவசாலி டிஃபென்ஸ்மேன் அலெக்சி ஜித்னிக். விலை: இளம் வீரர் பிரேடன் கோபர்ன்.

வாடெலின் மனநிலை எனக்குப் புரிகிறது. ஏழு ஆண்டாக ரசிகர்களிடம் 'அடுத்த வருடம்' என்று சொல்லிக்கொண்டிருந்தவர். உரிமையாளர்களுக்கும் பிளேஆஃப் டிக்கெட் வருமானம் தேவை. கச்சக் வந்து 18 ஆட்டத்தில் 15 புள்ளி எடுத்தார், டிவிஷனை வெல்ல உதவினார். அந்த அளவில் டிரேட் வேலை செய்தது. ஆனால் சீசன் முடிந்ததும் அவர் பழைய அணிக்கே திரும்பிவிட்டார். ஜித்னிக் அடுத்த சீசனுக்கு மேல் நீடிக்கவில்லை. கோபர்ன் பிலடெல்பியாவின் பின்வரிசையில் பல ஆண்டு நின்று ஆடினார், 2010இல் இறுதிச் சுற்று வரை போனார். எடுத்து அனுப்பிய டிராஃப்ட் உரிமைகள் போனது போனதுதான்.

எதிரே வந்தது நியூயார்க் ரேஞ்சர்ஸ். யாகர், ஷனஹன் என்ற நட்சத்திரங்கள், வலையில் கோல்கீப்பர் லுண்ட்க்விஸ்ட். தரவரிசையில் அட்லாண்டா மூன்று, ரேஞ்சர்ஸ் ஆறு. ஆனால் பிளேஆஃப் அனுபவம் முழுவதும் அந்தப் பக்கம். முதல் ஆட்டத்தில் லெஹ்டொனென் நின்று 4-3 என்று தோற்றதும், இரண்டாவதுக்கு ஹார்ட்லி யோஹான் ஹெட்பெர்கை நிறுத்தினார். மூன்றாவதில் மறுபடி லெஹ்டொனென், நான்காவதில் மறுபடி ஹெட்பெர்க். 34 ஆட்டம் வென்றுகொடுத்த இளம் கோல்கீப்பரை ஒரே தோல்விக்குப் பிறகு உட்கார வைத்தது சரியா என்பது இன்றும் பேசப்பட வேண்டிய கேள்வி. ஹெட்பெர்க் இரண்டாவது ஆட்டத்தில் நன்றாகவே நின்றார், அதனால் ஹார்ட்லியை முழுக்கத் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஏழு கோல் விழுந்த அந்த இரவில் வலைக்கு முன் நின்றது, தன்மேல் பயிற்சியாளருக்கு நம்பிக்கை இல்லை என்று மூன்று நாள் முன்பு தெரிந்துகொண்ட 23 வயது இளைஞர்.

அதன் பிறகு

இதை வேகமாகவே சொல்லிவிடுகிறேன். அடுத்த சீசன் ஆறு ஆட்டம் தொடர்ந்து தோற்றுத் தொடங்கியது. ஹார்ட்லியை நீக்கினார்கள், வாடெல் தானே பயிற்சியாளராக நின்றார். ஒப்பந்தம் முடியவிருந்த ஹோசாவை 2008 பிப்ரவரியில் பிட்ஸ்பர்க்குக்கு அனுப்பினார்கள், கூடவே பாஸ்கல் டுப்வியையும். ஹோசா பிறகு சிகாகோவோடு மூன்று கோப்பை வென்றார். டுப்வி பிட்ஸ்பர்க்கிலேயே தங்கி 2009இல் ஒன்று வென்றார். பதிலுக்கு வந்தவர்களில் நிலைத்து நின்றவர் யாரும் இல்லை.

மிஞ்சியவர் கோவல்சுக். 12 ஆண்டுக்கு 101 மில்லியன் டாலர் வரை அணி அவருக்குக் கொடுக்க முன்வந்தது. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. 2010 பிப்ரவரியில் நியூ ஜெர்சிக்குப் போனார். அட்லாண்டாவில் 594 ஆட்டம், 328 கோல். அந்த சீசனில் அணி வெறும் ஐந்து புள்ளியில் பிளேஆஃபைத் தவறவிட்டது. ஹீட்லி, சவார்ட், ஹோசா, கோவல்சுக் என்று நாலு பேரும் போய்விட்டார்கள். நாலு பேருக்கும் போகக் காரணம் வேறு வேறு. ஆனால் 'இங்கே இருந்தால் வெல்லலாம்' என்று அவர்களை நம்பவைக்கும் ஒன்று அந்த அணியில் இல்லை என்பது பொது.

உரிமையாளர் அறை

அது ஏன் இல்லை என்ற கேள்விக்குப் பதில் பனித்தளத்தில் இல்லை. 2004 மார்ச்சில் டைம் வார்னர், ஹாக்கி அணியையும், ஹாக்ஸ் கூடைப்பந்து அணியையும், அரங்க உரிமையையும் சேர்த்து அட்லாண்டா ஸ்பிரிட் என்ற கூட்டுக் குழுவுக்கு விற்றது. அடுத்த ஆண்டே பங்காளிகளுக்குள் சண்டை. காரணம் ஹாக்கிகூட அல்ல. ஜோ ஜான்சன் என்ற கூடைப்பந்து வீரரை வாங்கும் டிரேடில் பாஸ்டனைச் சேர்ந்த பங்காளி ஸ்டீவ் பெல்கின் குறுக்கே நின்றார். வழக்கு நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி இறங்கி, 2010 கடைசியில்தான் தீர்ந்தது.

அதற்கு அடுத்த மாதம், 2011 ஜனவரியில், உரிமையாளர்கள் தொடுத்த இன்னொரு வழக்கின் ஆவணத்தில் ரசிகர்கள் இதைப் படித்தார்கள்: 2005இலிருந்தே அணியை விற்கத்தான் முயன்றுகொண்டிருந்தோம், இழப்பு 130 மில்லியன் டாலர். இதை வைத்துக்கொண்டு மேலே சொன்னதையெல்லாம் திரும்பப் படித்துப் பாருங்கள். சவார்டை விட்டது, கொடி ஏறியது, ஹோசாவை அனுப்பியது, கோவல்சுக்கிடம் 'உன்னைச் சுற்றி அணியைக் கட்டுவோம்' என்று பேசியது எல்லாமே விற்கப்படக் காத்திருந்த ஓர் அணியில் நடந்தவை. ரசிகர்கள் டிக்கெட் வாங்கிய ஒவ்வொரு ஆண்டும் வீட்டு வாசலில் 'விற்பனைக்கு' பலகை தொங்கியிருக்கிறது, அவர்கள் கண்ணில் படாத பக்கத்தில்.

வெயில் ஊர் என்ற வாதத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். திராஷர்ஸ் கடைசி வரை ஆடிய தென்கிழக்கு டிவிஷனில் ஐந்து அணிகள். தம்பா 2004, 2020, 2021 என்று மூன்று கோப்பை வென்றது. கரோலினா 2006. வாஷிங்டன் 2018. ஃப்ளோரிடா 2024, 2025. நான்கும் வென்றுவிட்டன. இவற்றில் இரண்டு ஊர்களில் பனி என்பது குளிர்பதனப் பெட்டியில் மட்டும் பார்க்கக் கிடைப்பது. கரோலினாவிலும் ஃப்ளோரிடாவிலும் காலி இருக்கைகள் இருந்த ஆண்டுகள் உண்டு. அங்கெல்லாம் இருக்கைகளை நிரப்பியது வெற்றியும், ஊரைவிட்டுப் போகாமல் காத்திருந்த உரிமையாளர்களும்தான். அட்லாண்டாவில் 14 வெற்றி அணிக்கு 17,000 பேரும், டிவிஷனை வென்ற அணிக்கு 16,000 பேரும், கடைசி சீசனுக்கு 13,500க்குச் சற்றுக் குறைவாகவும் வந்தார்கள். அந்த இறக்கம் ஆர்வமின்மையால் வந்தது என்று நான் நினைக்கவில்லை. பத்து ஆண்டாகத் திரும்பத் திரும்ப ஏமாந்தவர்களின் சோர்வு அது.

2010-11: கடைசி வெளிச்சம்

இருந்தும் ஒரு முறை எரிந்தது. புதிய மேலாளர் ரிக் டட்லி, லீக் விதித்த சம்பள உச்சவரம்பால் திணறிய சிகாகோவின் கதவைத் தட்டினார். அப்போதுதான் கோப்பை வென்றிருந்த அணியிலிருந்து நான்கு பேர் அட்லாண்டா வந்தார்கள்: டஸ்டின் பஃப்ளின், ஆண்ட்ரூ லாட், பென் ஈகர், பிரென்ட் சோப்பல். சிகாகோவில் முன்வரிசையில் ஆடிய, நூறு கிலோவைத் தாண்டிய பஃப்ளினை அட்லாண்டா பின்வரிசையில் நிறுத்தியது. அந்த ஒரு முடிவு அவர் வாழ்க்கையையே மாற்றியது. டிஃபென்ஸ்மேனாக இருந்துகொண்டே 20 கோல் அடித்தார்.

முதல் ஆட்டத்திலேயே கோல்கீப்பர் ஒந்த்ரே பாவெலெட்ஸ் வலைக்கு முன் மயங்கி விழுந்தார். அரங்கமே உறைந்தது. நல்லவேளையாக ஆபத்தில்லை, சில வாரத்தில் திரும்பி வந்து பிரமாதமாக ஆடினார். டிசம்பரில் அணி டிவிஷன் முதலிடத்துக்குப் போட்டி போட்டுக்கொண்டிருந்தது. கோவல்சுக் இல்லாமல், சம்பளப் பட்டியலில் பெரிய பெயர் இல்லாமல். எனக்கு மிகவும் பிடித்த திராஷர்ஸ் அந்த நவம்பர், டிசம்பர் அணிதான். யாரும் எதிர்பார்க்காத இடத்தில் இருந்தார்கள், அதை ரசித்து ஆடினார்கள்.

ஜனவரிக்குப் பிறகு சரிந்தது. முடிவில் 80 புள்ளி. பிப்ரவரியில் நடந்த ஒரு டிரேடில் பாஸ்டனிலிருந்து பிளேக் வீலர் என்ற இளைஞர் வந்தார். அவர் யார் என்று முழுதாகத் தெரிந்துகொள்ள அட்லாண்டாவுக்கு 23 ஆட்டமே கிடைத்தது. ஏப்ரல் 10, பிட்ஸ்பர்க்குடன் கடைசி ஆட்டம், 5-2 தோல்வி. அணியின் கடைசி கோலை அடித்தவர் டிம் ஸ்டேப்பிள்டன்.

மே 31 அன்று அறிவிப்பு வந்தது. கனடாவின் வின்னிபெக்கைச் சேர்ந்த ட்ரூ நார்த் நிறுவனம் 170 மில்லியன் டாலருக்கு வாங்கியது, அதில் 60 மில்லியன் இடமாற்றக் கட்டணமாக லீக்குக்கு. 1996இல் தன் ஜெட்ஸ் அணியை ஃபீனிக்ஸ் பாலைவனத்துக்குப் பறிகொடுத்த ஊர் வின்னிபெக். பொது விற்பனைக்கு வைத்த சீசன் டிக்கெட்டுகள் 17 நிமிடத்தில் தீர்ந்தன. அந்த மகிழ்ச்சியைக் குறை சொல்ல யாராலும் முடியாது, பதினைந்து ஆண்டு காத்திருந்தவர்கள். ஆனால் அதே துக்கத்தை அட்லாண்டா இரண்டாவது முறையாக அனுபவித்தது. நவீன காலத்தில் என்.எச்.எல். அணியை இரண்டு முறை இழந்த ஊர் வேறு இல்லை.

ஜூன் 24, 2011. செயின்ட் பாலில் டிராஃப்ட். திராஷர்ஸ் ஆடிச் சம்பாதித்த ஏழாவது இடம் இப்போது வின்னிபெக்கின் கையில். அன்றுதான் அணிக்கு ஜெட்ஸ் என்று பெயர் சூட்டினார்கள், அதே மேடையில் மார்க் ஷைஃபெலி என்ற பையனைத் தேர்ந்தெடுத்தார்கள். 2018இல் இந்த அணி தன் முதல் பிளேஆஃப் வெற்றியைப் பெற்றது. வீலர்தான் அப்போது கேப்டன், பஃப்ளினும் இருந்தார். அட்லாண்டா தேர்ந்தெடுத்து வளர்த்த டோபி என்ஸ்ட்ரோமும் பிரையன் லிட்டிலும் அப்போதும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள்.

அணியின் மொத்த வரலாற்றில் அதிக கோல் அடித்தவர் என்ற இடத்தில் மட்டும் கோவல்சுக்கின் பெயர் அப்படியே நின்றது. வின்னிபெக்கில் ஒரு நாளும் சொந்த அணிக்காக ஆடாதவர் அவர். அவருடைய 328ஐ ஷைஃபெலி 2024-25 சீசனில்தான் தாண்டினார்.